பாஞ்சாலியின் வாடிக்கைக்காரர்கள்

அல்சூரில் பாதி வீடுகளுக்குப் பூ வருவது தெரியாது. வந்திருப்பதுதான் தெரியும். காலையில் கதவைத் திறந்தால் ஆணியில் ஒரு வாழையிலைப் பொட்டலம் தொங்கும், நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். மாட்டிய கை பனிக்குள் போய் மறைந்திருக்கும். சின்ன வயதில் நான் அந்தப் பூ ஆணியிலேயே பூக்கிறது என்று நம்பினேன். ஒரு வீட்டு ஆணியைப் பிடுங்கிவந்து எங்கள் குழாயடியில் நட்டுத் தண்ணீர்கூட ஊற்றினேன். ஆணி முளைக்கவில்லை. ஆணிக்குச் சொந்தக்காரரின் கைதான் என் முதுகில் முளைத்தது.

பூ மாட்டிய கை ஜோகுபாளையத்துப் பாஞ்சாலியினுடையது. நாற்பது வயது இருக்கும். உயரம் அதிகம், ஆனால் கை குட்டை. அந்தக் கையால்தான் முழம் போடுவாள். "இன்னாம்மா உன் முழம் இவ்ளோண்டு?" என்று யாராவது கேட்டால், "ஆண்டவன் அளந்து குடுத்த கை, நீ அவராண்ட போய் சண்டை போடு" என்பாள். புருஷன் கோலாருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொருத்தி வீட்டுக்காரராகிவிட்டார். அந்தக் கதையை அவள் எடுப்பதில்லை, கேட்டால் முழம் இன்னும் குட்டையாகிவிடும்.

அவளுக்கு மிஞ்சியவன் தம்பி பச்சைமுத்து. முப்பது வயது ஆள். பேச்சு வரவில்லை. வலிப்பு வரும். இந்த இரண்டும் போதாதென்று பகலில் கூரைக்கடியில் இருக்கமாட்டான். உள்ளே வைத்துப் பூட்டினால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான், திறந்துவிட்டால் அதே தலையைக் கோயில் யானை மாதிரி நிமிர்த்திக்கொண்டு நடப்பான். விடிந்ததும் கிளம்பி ஓல்டு மெட்ராஸ் ரோடு, ஏரிக்கரை, பஜார், போலீஸ் ஸ்டேஷன் வாசல், அப்புறம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. ஒரு நாளும் வழி மாற்றியதில்லை. ஏரிக்கரையில் பனி விலகாத காலைகளில் அவனைப் பார்த்தால், அவன் தூக்கத்தில் நடக்கிறானா, நாம் தூக்கத்தில் அவனைப் பார்க்கிறோமா என்று சந்தேகம் வரும். தண்ணீரில் அவனுடைய நிழல் தலைகீழாகக் கூடவே நடக்கும். அந்த நிழலுக்கு மட்டும் அவன் சில சமயம் சிரிப்பான். எனக்கு ஒரு தடவை சிரித்தான். நான் தலைகீழாக நின்றுகொண்டிருந்தேன்.

பாஞ்சாலி அவனைக் கூட்டிக்கொண்டு ஏறாத படியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு மருந்து உண்டு என்றார்கள், ஆனால் எழுந்து ஓடுகிறவனைப் படுக்கையில் வைத்துக்கொள்ள முடியாது, மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். அங்கே போனால், இது வலிப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். ஊமைப் பள்ளிக்கூடத்தில் வயதைக் கேட்டுச் சிரித்தார்கள், வலிப்பைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"வலிப்புக்கு ஒரு வாசலு, வாய்க்கு ஒரு வாசலு, காலுக்கு ஒரு வாசலு" என்று பாஞ்சாலி குழாயடியில் சொன்னாள். "எந்தம்பிய மூணா அறுத்துக் குடுத்தாதான் சேத்துக்குவாங்க போல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குழாயடியில் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் யார் குடத்திலும் விழாமல் ஓடியது.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் பச்சைமுத்து ஸ்டேஷன் வாசலில், நடு ரோட்டில், வலிப்பு வந்து விழுந்தான். எதிரே ஒரு லாரி. சப் இன்ஸ்பெக்டர் தாசப்பா பாய்ந்து கையை விரித்து நின்றதால் லாரி நின்றது. தாசப்பா ஹாசன் பக்கத்துக்காரர். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். நல்ல மனிதர்தான், ஆனால் அது மீசைக்குப் பின்னால் இருந்தது. பாஞ்சாலியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நோடம்மா, இன்னொரு தடவை இவன் ரோட்ல கிடந்தா, கோர்ட்ல நிறுத்தி பூட்டு போட்ட வார்டுக்கு அனுப்பிச்சிடுவேன். மேல லாரி ஏறினா ஜவாப்தாரி யாரு?"

"பூட்டு போட்டா செத்துடுவான் சாமி."

"லாரி ஏறினாலும் சாவான் தானே?"

பாஞ்சாலி வீட்டுக்கு வந்து பூக்கட்ட உட்கார்ந்தாள். கட்டக் கட்டத்தான் அவளுக்கு யோசனை வரும் என்பார்கள். மறுநாள் காலையில் பூவைப் பனிக்குள் மாட்டிவிட்டு மறையாமல், ஒவ்வொரு வாசலிலும் கதவு திறக்கிறவரை நின்றாள்.

முதல் வாசல் டாக்டர் ஸ்ரீகண்டனுடையது. அவர் தாத்தா மகாராஜா காலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர், இவர் பஜார் முனையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். அவர் மனைவி ருக்மிணி அம்மாளுக்குத் தினமும் கனகாம்பரம்.

"வலிப்புக்கு மாத்திரை இருக்கு பாஞ்சாலி. தினம் ஒண்ணு, அதுவும் பகல்லயே. வெறும் வயத்துல கூடாது. ஆனா யாராவது ஒருத்தர் பொறுப்பா வெச்சுண்டு கொடுக்கணும்."

"அங்கதான் டாக்டரய்யா சிக்கலு. எங்க பசிக்குதோ அங்கதான் துன்னுவான். ஒரு நாளு இட்லிக்கடை, ஒரு நாளு ஏரிக்கரை, ஒரு நாளு ஜட்கா ஸ்டாண்டு. என் கையால காலையில ஒரு வாய் வாங்கமாட்டான்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே இருந்து ருக்மிணி அம்மாள் குரல் வந்தது: "அப்போ மூணு எடத்துலயும் மாத்திரையைக் கொடுத்து வையுங்கோளேன்." டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அடுத்து மற்ற மூவர். மூவரும் அவளுடைய வாடிக்கைதான். ஓல்டு மெட்ராஸ் ரோடில் இட்லிக்கடை வைத்திருந்த லட்சுமம்மா கடைச் சாமி படத்துக்கு மஞ்சள் சாமந்தி வாங்குவாள். ஏரியில் துணி துவைக்கும் ஆதிகேசவன் தினமும் துவைக்கிற கல்லுக்கு அரளி வைத்துத்தான் முதல் துணியை அடிப்பார். ஜட்கா ஓட்டும் மஸ்தான் பாய் தர்காவுக்கென்று பட்டன் ரோஸ் வாங்கி, அதில் ஒன்றைக் குதிரைக்குக் கொடுப்பார். குதிரை அதைத் தின்றுவிடும்.

"ஐயோ, கடையில வெச்சு வலிப்பு வந்தா கிராக்கிங்க ஓடிருவாங்களே" என்றாள் லட்சுமம்மா.

"தண்ணில விழுந்தா என் தலைமேல வரும் பாஞ்சாலி" என்றார் ஆதிகேசவன்.

"நக்கோ அக்கா, வேணாம்" என்றார் மஸ்தான் பாய். "மேரா கோடா பயப்படும்."

"உன் குதிரையா? லாரி வந்தாலே நவுராது அது" என்றாள் பாஞ்சாலி.

அவள் யாரிடமும் தம்பியைப் பார்த்துக்கொள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் எல்லோரும் ஓடியிருப்பார்கள். லட்சுமம்மாவிடம், காலையில் அவன் போகும்போது ரோட்டைத் தாண்டுகிறானா என்று ஒரு கண் பார் என்றாள். ஆதிகேசவனிடம், விழுந்தால் தலைக்கடியில் ஒரு ஈரத்துணி மூட்டையை வை என்றாள். மஸ்தான் பாயிடம், ரோட்டில் விழுந்தால் வண்டியைக் குறுக்கே நிறுத்து என்றாள். அவன் எங்கே சாப்பிடுகிறானோ அங்கே ஒரு மாத்திரை. அவ்வளவுதான். ஒருவர் தலையில் மலையை வைத்தால் கீழே போட்டுவிடுவார், ஆளுக்கொரு கல்லென்றால் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார் போலிருக்கிறது.

கொஞ்ச மாதம் நன்றாகப் போனது. வலிப்பு குறைந்தது. ஒரு தடவை ஏரிக்கரையில் வந்தபோது ஆதிகேசவன் வைத்த மூட்டையில் பச்சைமுத்து தலைவைத்துக் கிடந்தான், சுற்றிலும் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகள் காற்றில் உப்பி உப்பி இறங்கின. ஏதோ வெள்ளை மிருகங்கள் அவனைச் சுற்றி மூச்சு விடுவது மாதிரி இருந்தது. எழுந்தான், நடந்தான்.

பிறகு பூப்பல்லக்குத் திருநாள் வந்தது.

அன்று பாஞ்சாலி விடிந்ததிலிருந்து கோயில் மண்டபத்தில். பல்லக்குக்குப் பூவைக் கூடை கூடையாகக் கட்டவேண்டும், தலை நிமிர நேரமில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் இனிப்பு. பச்சைமுத்து வந்தபோது லட்சுமம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்து மாத்திரையும் கொடுத்தாள். ஏரிக்கரையில் ஆதிகேசவன் வீட்டு ஒப்பட்டுப் போளி வந்திருந்தது, நெய் ஊற்றி ஊட்டி மாத்திரையும் கொடுத்தார். மஸ்தான் பாய், நம்ம பயலுக்குப் பண்டிகை ஆச்சே என்று ஜிலேபி வாங்கி வைத்திருந்தார். அப்புறம் மாத்திரை. யாரும் தப்புச் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள்.

சாயங்காலம் பஜார் தெருவில் பல்லக்கு வரும் வழியெல்லாம் பூ இறைத்திருந்தது. பச்சைமுத்து பூவை மிதிக்கமாட்டான். அந்தத் தெருவில் அவனுக்குக் கால்வைக்க இடமில்லை. நடுவில் நின்று பார்த்தான், உட்கார்ந்தான், பூவின்மேலேயே படுத்துத் தூங்கிப்போனான். முதல் பல்லக்கு மேளத்தோடு வந்து அவன்முன் நின்றது. நாதஸ்வரக்காரர் அவன் காதருகே குனிந்து ஊதிப் பார்த்தார். அவன் புன்னகை செய்தான், எழவில்லை. கூட்டத்தில் யாரோ "போய்ட்டான்பா" என்றார்கள். தாசப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அவர் காக்கிச் சட்டை முழுக்கச் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. ஒருவருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. எனக்கே வரவில்லை.

டாக்டர் ஓடிவந்து நாடி பார்த்தார். "இன்னிக்கு மாத்திரை யார் கொடுத்தா?"

"நான்தான்!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகப் பெருமையாக வந்தன. பிறகு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை, தூங்கி எழட்டும் என்றார் டாக்டர். விடிந்தபோது ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் பச்சைமுத்து கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பாஞ்சாலி தரையில் உட்கார்ந்து அன்றைய வாடிக்கைப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தாலும் ஆணிகள் காத்திருக்குமே.

"ஜவாப்தாரி யாரு? ஒரு பேரு சொல்லுங்க" என்றார் தாசப்பா.

"முதல்ல குடுத்தது நானு. அப்புறம் குடுத்தவங்கள கேளுங்க" என்றாள் லட்சுமம்மா.

"நீ குடுத்தது எனக்கு எப்படித் தெரியும்? கனவா கண்டேன்?" என்றார் ஆதிகேசவன்.

"அரே, அவன் வாய் தொறந்து சொல்வானா, துன்னுட்டு வந்தேன் பாய்னு?" என்றார் மஸ்தான் பாய்.

"ஒருத்தர் கையில இருக்கணும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் மூணு பொட்டலம் கட்டினதும் நான்தான்" என்றார்.

சத்தத்தில் பச்சைமுத்து மிரண்டு எழப்பார்த்தான். பாஞ்சாலி கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து ஒரு சாமந்தியைக் கிள்ளி அவன் காதில் செருகினாள். உடனே அடங்கிவிட்டான். காதோரம் ஏதோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அதையே பார்த்தார். "அது விழாதா?"

"விழாது. சின்னதுலேந்து காதுல வெச்ச பூவைத் தொடமாட்டான். ராவுல நான்தான் எடுக்கணும்."

"அப்படின்னா மாத்திரை கொடுத்தவா ஒரு பூ வெச்சுடலாமே? பூ இருந்தா கொடுத்தாச்சு. இல்லேன்னா இல்லை."

மஸ்தான் பாய் தொடையில் தட்டினார். "அவங்கவங்க வாங்கற பூ! இட்லிக்கடைன்னா சாமந்தி, ஏரின்னா அரளி, நம்மள்து ரோஸ். எங்க துன்னான்னு அக்காவுக்கும் தெரியும்."

தாசப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என் காதுல பூ சுத்தறீங்களா?"

"உங்களுக்கு வேண்டாம் சாமி, அவனுக்குத்தான்" என்றாள் பாஞ்சாலி.

தாசப்பாவின் மீசை அசைந்தது. "சரி. ஒரு நாள் நானே சொல்லாம பின்னாடி வருவேன். காலையிலேந்து சாயங்காலம்வரைக்கும். ஸ்வல்ப தப்பு நடந்தாலும் அன்னிக்கே வார்டு."

இப்படித்தான் அல்சூரில் ஒருவன் காதில் பூவோடு நடக்க ஆரம்பித்தான். தெரியாதவர்கள் சிரித்தார்கள். தெரிந்தவர்கள் அவன் வரும்போது முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தார்கள். தர்கா வாசலில் இருந்தவர்கள், கோயில் வாசலில் இருந்தவர்கள், பஸ் கண்டக்டர்கள்கூட. ஒரு நாள் மஸ்தான் பாயின் குதிரைக் காதில் ஒரு அரளி இருந்தது. ஆதிகேசவன் அதைப் பார்த்துவிட்டு, குதிரைக்கு யாரோ மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று டிஸ்பென்சரிக்கு ஓடினார். அரளி எப்படி அங்கே வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

தாசப்பா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, காக்கியோடு, பச்சைமுத்துவுக்குப் பின்னால். எனக்கு அன்று வேறு வேலை இல்லாததால் நான் அவருக்குப் பின்னால். பாஞ்சாலி வாசலில் நின்று மூவரும் போவதைப் பார்த்தாள். கூடையைத் தூக்க மறந்துவிட்டாள்.

அன்று பனி அதிகம். லட்சுமம்மா ஆவி பறக்க இட்லியை நீட்டினாள். பச்சைமுத்து இட்லியைப் பார்த்தான், பின்னால் திரும்பிக் காக்கியைப் பார்த்தான், நடந்துவிட்டான். லட்சுமம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாப்பிடாதவனுக்குக் கொடுக்கக்கூடாது. ஏரிக்கரையில் ஆதிகேசவன் ரொட்டியைப் பிய்த்துக் காட்டினார். வேட்டிகளுக்கு நடுவே காக்கி நின்றது. பச்சைமுத்து நடந்துவிட்டான். நீரில் அன்று அவன் நிழலுக்குப் பின்னால் இன்னொரு நிழலும் ஒரு சைக்கிளும் தலைகீழாக நடந்தன. அவன் சிரிக்கவில்லை. ஜட்கா ஸ்டாண்டில் மஸ்தான் பாய் பன்னை டீயில் நனைத்து வைத்திருந்தார். அதுவும் ஆகவில்லை.

வெயில் ஏறியது. காதில் பூ இல்லை. டிஸ்பென்சரி வாசலில் டாக்டர் நோயாளியை விட்டுவிட்டு வெளியே வந்து காதைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். பஜார் முழுக்க அந்தக் காலிக் காதையே பார்த்தது. நடுவில் ஒரு இடத்தில் பச்சைமுத்துவின் கை லேசாக நடுங்கியது. மஸ்தான் பாய் வண்டியைப் பூட்டி, மெதுவாக, சவாரி போகிறவர் மாதிரி அவன் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷன் வாசல் தூங்குமூஞ்சி மரத்தடியில் தாசப்பா சைக்கிளை நிறுத்தினார். "மஸ்தான், ஏன் இன்னும் பூ இல்ல?"

"சாப், கோபப்படாதீங்க. போலீஸ் பின்னாடி வந்தா நீங்களும் நானுமே துன்னமாட்டோம்."

தாசப்பா அவரை முறைத்தார். பிறகு தன் சட்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். இரண்டையும் சைக்கிளில் மாட்டிவிட்டு, உள்ளே போய்த் தன் சாப்பாட்டு அடுக்கை எடுத்துவந்து மர வேரில் உட்கார்ந்தார். தொப்பி இல்லாத தலை வழுக்கை. அல்சூரில் அதுவரை அதை யாரும் பார்த்ததில்லை. அடுக்கைத் திறந்தார். அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டி, தேங்காய்ச் சட்னி. யாரையும் கூப்பிடாமல் தின்ன ஆரம்பித்தார்.

பச்சைமுத்து நின்றான். மரத்திலிருந்து இளஞ்சிவப்புத் தூள் மாதிரிப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது, வழுக்கையின்மேல், ரொட்டியின்மேல். மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தாசப்பா திரும்பிப் பார்க்காமலே பாதி ரொட்டியை அந்தப் பக்கம் நீட்டினார். அவன் வாங்கித் தின்றான். இன்னும் பாதி. அதையும் தின்றான். மஸ்தான் பாய் வண்டியிலிருந்து நீட்டிய மாத்திரையைத் தாசப்பா வாங்கி, அவன் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

மஸ்தான் பாய் ரோஸை எடுத்தார். தாசப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "என் ரொட்டி தின்னான். உன் ரோஸ் ஹூ எதுக்கு?" என்று ஸ்டேஷனுக்குள் போனார்.

விளக்கு வைக்கும் நேரம். ஜோகுபாளையத்தில் அடுப்புப் புகை தாழ இறங்கித் தெருவை மூடியிருந்தது. பாஞ்சாலி வாசலில் நின்றாள். மதியம்வரை அவனைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: சாமந்தி இல்லை, அரளி இல்லை, ரோஸ் இல்லை. அவன் வருவானா, இல்லை ஒரு கான்ஸ்டபிள் வருவானா என்று அவளுக்குத் தெரியாது. கையில் நார் மட்டும் இருந்தது. பூவே இல்லாமல் வெறும் நாரில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் புகைக்குள்ளிருந்து ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. ஆள் பிறகுதான் தெரிந்தான். அதே நடை, அதே நிமிர்ந்த தலை. காதில் ஒரு வெள்ளைச் சேவந்தி.

வெள்ளைச் சேவந்தி அவள் அல்சூரில் ஒரே இடத்துக்குத்தான் கொடுப்பாள், ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருந்த சாமுண்டி படத்துக்கு.

அவள் தம்பியை உட்காரவைத்து அந்தப் பூவை மெல்ல எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். பூட்டைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் பனியில் ஸ்டேஷன் வாசலில் அவள் பூவை மாட்டும்போது, உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"பாஞ்சாலி, நாளையிலேந்து ஒரு பூ ஜாஸ்தி வை. படத்துக்கு வேற, பையனுக்கு வேற. அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லு, மாத்திரை நாலு பொட்டலமா கட்டச் சொல்லி."

"முழம் குட்டைன்னு சொல்லக்கூடாது சாமி."

"குட்டைதான்" என்றது குரல். "இருக்கட்டும், வெச்சிட்டுப் போ."